முதல் நாளே பென்சிலைக் கொடுக்காதீர்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபேஷன் டிசைன் சொல்லித்தரப் போன முதல் வருஷம் நான் செய்த தப்பை இன்னமும் பல வகுப்புகளில் பார்க்கிறேன். ஆளுக்கொரு தாள், கலர் பென்சில், பிடித்த உடையை வரை. தலையின் நீளத்தை அளவாக வைத்தால் நிஜ மனிதர் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம், ஃபேஷன் படத்திலோ ஒன்பது தலை, அதாவது ஊரில் இல்லாத உடம்புக்குத்தான் பிள்ளைகள் உடை போடப் பழகுகிறார்கள். நன்றாக வரைகிற நாலு பேருக்குக் கைதட்டல். மற்றவர்கள் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘எனக்கு டிசைன் வராது’ என்று ஒதுங்கிவிடுவார்கள்.

இப்போது முதல் வகுப்புக்குப் பழைய முழுக்கைச் சட்டைதான் எடுத்துப் போகிறேன். நாலு பேருக்கு ஒரு சட்டை, தையல் பிரிக்க ஒரு கருவி. எத்தனை துண்டு இருக்கும் என்று கேட்டால் ஆறு, ஏழு என்பார்கள். பிரித்து அடுக்கினால் முன்பக்கம் 2, முதுகு 1, தோள் துண்டு 2, கை 2, காலர் 2, காலர் பட்டி 2, கஃப் என்கிற மணிக்கட்டுப் பட்டி 4, கைப் பிளவின் பட்டிகள் 4, பாக்கெட் 1, ஆக 20.

கைத் துண்டைத் தரையில் விரித்ததும் ஒரு பையன், “மிஸ், இது கை மாதிரியே இல்ல, மலை மாதிரி இருக்கு” என்றான். சரி, நடுவில் மடித்துப் பார் என்றேன். இரண்டு பாதியும் பொருந்தவில்லை, முன்பக்க வளைவு கொஞ்சம் ஆழமாக இருந்தது. வெட்டினவர் தப்பு செய்துவிட்டார் என்றான். கையை முன்னால் நீட்டச் சொன்னேன். நம் கை பின்னால் போவதைவிட முன்னால் போவதுதான் அதிகம், அதனால்தான் முன்பக்கம் குடைந்தும் பின்பக்கம் தாராளமாகவும் வெட்டுகிறார்கள். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவனே தன் சட்டைத் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் கைக்குட்டை. பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல் நெடுக இழுத்தால் அசையாது, குறுக்கே ஓடும் ஊடைப் பக்கமும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் 45 டிகிரியில் மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் ரப்பர் போல நீளும். இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் 1920-களில் பாரிஸில் மடலேன் வியோனே என்ற உடை வடிவமைப்பாளர் உடம்போடு வழுக்கி விழும் உடைகளைச் செய்தார். அவர் தாளில் வரைந்து ஆரம்பிக்கவில்லை, ஒரு சின்ன மரப் பொம்மையில் துணியைச் சுற்றிச் சுற்றி ஊசி குத்திப் பார்த்தார். பொம்மை இல்லாத வகுப்பில் தண்ணீர் பாட்டில் போதும், அதற்கும் தோளும் இடுப்பும் இருக்கின்றன!

பெற்றோர் பலர் “டெய்லர் வேலையா?” என்று முகம் சுளிப்பார்கள், ஆண்பிள்ளை என்றால் இன்னும் கொஞ்சம். அதற்கு நான் பதில் சொல்வதில்லை, பிரித்த சட்டையை அவர்கள் கையில் கொடுத்து மறுபடி அடுக்கச் சொல்வேன்.

வரைவது மூன்றாவது மாதம் வருகிறது. அதற்குள் எந்த மடிப்பு எப்படி விழும் என்று கைக்குத் தெரிந்திருப்பதால் கோடு கோணலாகப் போனாலும் உடை தைக்கக்கூடியதாக இருக்கிறது. மதிப்பெண்ணும் படத்துக்கு இல்லை, தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைத்தவருக்குத்தான் அதிகம். சாயமும், என்ன இழை என்று கண்டுபிடிக்க எரித்துப் பார்ப்பதும் பிறகு வரட்டும், பாலியஸ்டர் உருகிச் சொட்டினால் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தீயை ஆசிரியர் மட்டும்தான் தொட வேண்டும்.

இன்னொன்று, ஊசிகளை எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் மணி அடித்த பிறகும் கதவைத் திறக்காதீர்கள்.