ஈர விரலுக்கு ஒரு பொத்தான்

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வாங்கிய ஒருவர், ஐஸும் செதிலும் ஒட்டிய விரலால் கைபேசியில் தொகையைத் தட்டுகிறார். திரை கேட்பதில்லை, அல்லது அவர் தொடாத எண்ணைப் பதிந்துகொள்கிறது. கைபேசி பழுது என்று அவர் நினைக்கிறார். பெரும்பாலும் பழுது இருக்காது. அந்தக் கையை நினைத்துப் பார்க்காமல் திரையை வடிவமைத்திருக்கிறார்கள்.

தொடுதிரையின் கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்வாய்கள் ஓடுகின்றன. பொதுவாக இண்டியம் டின் ஆக்சைடு என்ற ஒளிபுகும் பொருளால் ஆனவை என்பதால் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை சந்திக்கும் இடங்களில் சிறிதளவு மின்னேற்றம் தேங்கியிருக்கும். நம் உடல் மின்கடத்தி. விரல் நெருங்கியதும் அந்த அளவு மாறும். ஒரு சில்லு இதை நொடிக்குப் பல முறை அளந்து, தொட்ட இடத்தைக் கணிக்கிறது. உப்புநீரும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். திரையில் பரவிய துளி அக்கம்பக்கத்து அளவுகளையும் மாற்றிவிடுவதால் கணிப்பு தடுமாறுகிறது. இந்த இயற்பியலைச் செயலி எழுதுபவரால் மாற்ற முடியாது. அதன் பிழையைத் தாங்கும் திரையை அவரால் கட்ட முடியும்.

முதல் வழி, பொத்தானின் அளவு. விரல் கண்ணாடியில் ஒரு பரப்பாகப் பதிந்தாலும் செயலிக்கு வந்து சேருவது ஒரே புள்ளிதான். அது சற்று விலகினாலும் பொத்தானுக்குள் விழ வேண்டும். ஆண்ட்ராய்டு வழிகாட்டி, தொடுபரப்பு குறைந்தது 48 அலகு இருக்கச் சொல்கிறது. 160 அலகு ஓர் அங்குலம் என்பதால் இது ஏழரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆப்பிளின் வழிகாட்டி, ‘புள்ளி’ என்ற தன் அலகில் 44 என்கிறது. பொத்தானின் படம் 24 அலகாகவே இருக்கலாம். சுற்றிலும் 12 அலகு கண்ணுக்குத் தெரியாத தொடுபரப்பாக இருந்தால் போதும்.

1954-இல் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் இரண்டு உலோகத் தகடுகளை ஒரு கோலால் மாறி மாறித் தட்டச் சொல்லி ஆராய்ந்தார். தூரம் கூடினால் நேரம் கூடியது. தகட்டின் அகலம் கூடினால் குறைந்தது. இரண்டையும் ஒருசேர இருமடங்காக்கினால் நேரம் ஏறத்தாழ மாறுவதில்லை. ஒரு கையில் கூடையும் மறு கையில் கைபேசியுமாக நிற்பவருக்கு, ‘அனுப்பு’ பொத்தான் கட்டைவிரல் எட்டும் கீழ்ப்பகுதியில் அகலமாக இருக்க வேண்டியதன் காரணம் இதுதான். அதை ஒட்டியே ‘ரத்து செய்’ பொத்தானை வைப்பது, என் பார்வையில், மன்னிக்க முடியாத அலட்சியம்.

நல்ல பொத்தான் விரல் பட்டதும் நிறம் மாறும். ஆனால் விரலை எடுக்கும்போதுதான் வேலையைச் செய்யும். தவறாகத் தொட்டவர் விரலை எடுக்காமல் வெளியே நகர்த்தித் தப்பிக்கலாம். பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது.

அடுத்தது வெயில். வெண்பரப்பின் ஒளி 400, சாம்பல் எழுத்தின் ஒளி 80 என்று கொள்வோம், விகிதம் 5. இணைய அணுகல்தன்மை வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் கேட்கும் 4.5-ஐ இது தாண்டிவிடுகிறது. தேவனாம்பட்டினம் கடற்கரை வெயில் கண்ணாடியில் பட்டுத் திரும்பி இரண்டிலும் 100 சேர்த்தால், 500-க்கு 180. விகிதம் மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும். குளிரூட்டிய அறையில் அழகாகத் தெரிந்த சாம்பல் எழுத்து இங்கே காணாமல் போவது இப்படித்தான்.

தமிழுக்கென்று தனிக் கவனமும் தேவை. நம் எழுத்துகளில் புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும் மேலே எழும், உகரக் குறிகள் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளந்து உயரத்தைப் பூட்டிய பெட்டியில் புள்ளி வெட்டுப்பட்டால், மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். சொற்களும் நீளமானவை. ஆண்ட்ராய்டு 14-இலிருந்து எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். கண் மங்கிய பெரியவர்கள் அந்த வசதியைத்தான் நாடுவார்கள். எனவே எழுத்துக்கேற்பப் பெட்டி வளர வேண்டும். ‘உறுதிப்படுத்து’ என்ற சொல்லை இருமடங்கு அளவில் வைத்து, அது அறுபடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே செயலியை வெளியிட வேண்டும்.