கனடா மெஷினும் கிளினிக் கொப்பியும்

"சுகர் நல்லாக் குறைஞ்சு போச்சு மிஸ். மூண்டு நாளாக் காலமை பாத்தால் 16தான். பயந்துபோய் சீனித்தண்ணி கரைச்சுக் குடுத்தனாங்கள். ஊசியும் போடேல்லை."

வலிகாமத்திலிருந்து மாமனாரைக் கூட்டி வந்த மருமகள் சொன்னது இது. மெஷினைக் காட்டச் சொன்னேன். கனடாவிலிருந்து மகன் அனுப்பியது. அங்கே குருதியிலுள்ள சீனியை மில்லிமோலில் அளப்பார்கள்; எங்கள் கிளினிக் கொப்பியில் மில்லிகிராமில் எழுதுகிறோம். அவர்களுடைய இலக்கத்தை 18ஆல் பெருக்கினால்தான் எங்கள் கணக்கு வரும். 16 என்றால் 288. ஏற்கனவே கூடிக்கிடந்த சீனிக்கு மேலே மூன்று நாளாகச் சீனித்தண்ணி, இன்சுலினும் இல்லை. ஐயா நா வரண்டு, கண் திறக்கவே அலுத்துப்போய்க் கதிரையில் சாய்ந்திருந்தார். உடனே வார்ட்டில் சேர்த்தோம். ஒரு கிழமையில் தேறி வீடு போனார்.

மருமகளில் பிழை சொல்ல மாட்டேன். போன மாதம், "வீட்டில சுகர் பாக்கிறனீங்களோ?" என்று கேட்டவள் நான். "ஓம்" என்றதும் கொப்பியில் சரி போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டவளும் நான்தான். என்ன மெஷின், எத்தனை காட்டுகிறது என்று கேட்க அரை நிமிடம் போதும். வாங்கு நிறைய ஆட்கள் காத்திருந்தாலும் இப்போது அந்தக் கேள்வியை நான் விடுவதில்லை. இலக்கத்துக்குப் பக்கத்தில் அலகையும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்கு மருந்தும் இரண்டு வழியாக வருகிறது. பிரஷருக்கு எங்கள் மருந்துச்சாலை கடதாசி உறையில் கொடுக்கும் அம்லோடிபின் குளிசையும், பிள்ளைகள் அனுப்பும் பெட்டியிலுள்ள நோர்வாஸ்க்கும் ஒரே மருந்து. பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் விழுங்கி, கால் வீங்கி, தலைசுற்றி வந்த ஆச்சிமாரைக் கண்டிருக்கிறேன். கொப்பியை மட்டும் கொண்டுவந்தால் இது எங்களுக்குத் தெரியவராது. வீட்டிலுள்ள மருந்து முழுவதையும், பாமசியில் வாங்கியது, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.

இன்சுலின் இதைவிட ஆபத்தானது. இந்தியாவில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு உள்ள குப்பிகளும், அவற்றுக்கான ஊசிகளும் புழக்கத்தில் உண்டு. சென்னைக்குப் போய் வருகிறவர்கள் அந்த ஊசியை வாங்கி வந்து, 100 அலகுக் குப்பியிலிருந்து 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 அலகு. குப்பியில் 100 என்றிருந்தால் ஊசியிலும் 100 இருக்க வேண்டும். கந்தசஷ்டிக்கு விரதம் பிடிக்கிறவர்கள் ஊசி, குளிசையின் அளவை முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். வழமையான அளவைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி மளமளவென்று இறங்கும்.

உண்மையிலேயே குறைந்து, ஆள் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

ஐயா வீடு போகிற அன்று அந்த மெஷினின் பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: "4க்குக் கீழே போனால் மட்டும் சீனித்தண்ணி."