ஒலிவாங்கி வேறு, ஒலிபெருக்கி வேறு

காது கேட்கும் கருவிக்கான தமிழ்த் துண்டறிக்கை எது கைக்கு வந்தாலும் “இதில் இரண்டு நுண் ஒலிபெருக்கிகள் உள்ளன, அவை சுற்றியுள்ள பேச்சைக் கேட்கும்” என்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறது. ஒலிபெருக்கி எப்படிக் கேட்கும்? அங்கே சொல்ல வந்தது மைக். அதற்கு நம்மிடம் ஒலிவாங்கி என்ற நல்ல சொல் இருக்கிறது. கோலாலம்பூரில் கோயில் கூட்டத்தில்கூட “ஒலிவாங்கியைக் கொடுங்கள்” என்று சாதாரணமாகச் சொல்கிறோம்.

மைக்ரோஃபோன் கிரேக்கச் சொற்களால் ஆனது. மிக்ரோஸ் என்றால் சிறியது, ஃபோனே என்றால் குரல் அல்லது ஒலி. 1680களில் நார்சிசஸ் மார்ஷ் இந்தச் சொல்லை எழுதியபோது, மெல்லிய ஒலியைப் பெரிதாகக் கேட்கவைக்கும் கருவியைத்தான் நினைத்தார். 1878இல் டேவிட் ஹியூஸ் கரித்துண்டுகளை வைத்துச் செய்த கருவிக்கு அதே பெயரை வைத்தார். அங்கிருந்துதான் இன்றைய பொருள்.

“அப்படியென்றால் மூலப் பொருளே ஒலியைப் பெருக்குவதுதானே, ஒலிபெருக்கி என்றால் என்ன தவறு?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மார்ஷ் காலத்துக்கு அது சரி. இன்றைய மைக் எதையும் பெருக்குவதில்லை. காற்றின் அதிர்வை வாங்கி மின் சைகையாக மாற்றுவதோடு அதன் வேலை முடிகிறது. நம் ஊரில் இந்தக் குழப்பத்துக்கு மலாயும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ‘பெம்பெசார் சுவாரா’ என்றால் நேர்ப்பொருள் குரலைப் பெரிதாக்குவது. மண்டபத்தில் மைக், பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து அப்படியே சொல்லிவிடுகிறோம். மண்டபத்தில் அதனால் நட்டமில்லை. காதுக் கருவியில் நட்டம் உண்டு, ஏனென்றால் அந்தச் சின்னக் கருவிக்குள் வாங்குவது, பெருக்குவது, காதுக்குள் ஒலிப்பது என மூன்று வேலைக்கும் தனித்தனி உறுப்பு இருக்கிறது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. காதுக் கருவித் தொழிலில், காதுக்குள் ஒலிக்கும் அந்தக் குட்டி ஸ்பீக்கரை ‘ரிசீவர்’ என்பார்கள். தொலைபேசியில் காதில் வைக்கும் பகுதிக்கு இருந்த பழைய பெயர் அது. மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து ரிசீவர் என்றால் பெறுவது என்று பார்த்து, அதற்கு ஒலிவாங்கி என்று எழுதிவிடுகிறார். மைக் ஒலிபெருக்கி ஆகிவிட்டது, ஸ்பீக்கர் ஒலிவாங்கி ஆகிவிட்டது. முழுக்கத் தலைகீழ்!

பினாங்கில் என் பெரியம்மா இதனால்தான் அவதிப்பட்டார். அவருடையது காதுக்குப் பின்னால் கருவியின் உடலும், மெல்லிய கம்பி முனையில் ரிசீவரும் உள்ள வகை. அழுக்கு சேர்வது காதுக்குள் போகும் முனையில். அங்கே குறும்பி வடிகட்டியை மாற்ற வேண்டும். துண்டறிக்கையோ “ஒலிவாங்கியின் வடிகட்டியை மாற்றவும்” என்றது. பெரியம்மாவுக்கு ஒலிவாங்கி என்றால் மைக் என்று சரியாகவே தெரியும். அதனால் உடலின் மேலே இருக்கும் மைக் துளையை ஊசியால் குத்திக் கிளறிவிட்டார். தமிழ் தெரிந்தவரைத் தமிழே ஏமாற்றியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த ரிசீவருக்கு நான் முன்வைக்கும் சொல் ஒலியூட்டி. காதுக்கு ஒலியை ஊட்டுகிறது, பாலூட்டி போல. வாங்கி, பெருக்கி, ஊட்டி என்று மூன்றும் ஒரே அச்சில் நிற்கும், வேலையையும் சொல்லும்.

சரி, ‘நுண்’ணுக்கு வருவோம். நுண்ணோக்கி என்றால் சிறியதை நோக்குவது, சிறிய நோக்கி அல்ல. அதே வழக்கப்படி நுண்ணொலிவாங்கி என்றால் நுண்ணிய ஒலியை வாங்குவது என்றுதான் காதில் விழும். உருவம் சிறியது என்று சொல்ல வேண்டுமானால் ‘குட்டி ஒலிவாங்கி’ என்று எழுதலாமே. தூய தமிழ் கடுமையாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

இதைப் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம், புதுமை நடப்பதே அந்தக் குட்டி ஒலிவாங்கியில் என்பதுதான். 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் நிலையான மின்னேற்றம் தாங்கிய மெல்லிய படலத்தால் செய்த வகை, பிறகு காதுக் கருவிக்குள் புகுந்தது. இப்போது சிலிக்கான் சில்லில் செதுக்கியவையும் வருகின்றன. பல கருவிகளில் இரண்டு ஒலிவாங்கிகள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். முன்னாலிருந்து வரும் பேச்சு ஒன்றை அடைந்து, ஒரு நொடியில் பத்து லட்சத்தில் முப்பது பங்கு கழித்து மற்றதை அடையும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்) இரைச்சலில் எதிரே இருப்பவர் குரலைக் கருவி பிரித்தெடுக்கிறது. ஈரத்தாலோ அழுக்காலோ இரண்டில் ஒன்றின் கூர்மை குறைந்தால் இந்தக் கணக்கு கெடும்.

ஓர்மியா என்ற ஈயின் இரண்டு செவிகளுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஆனாலும் இருட்டில் கத்தும் சுவர்க்கோழி எந்தத் திசையில் இருக்கிறது என்று துல்லியமாகக் கண்டுபிடிக்கும். இரண்டு செவிப்பறைகளும் ஒரு பாலத்தால் இணைந்து ஏற்ற இறக்கப் பலகைபோல (சீசா) ஆடுவதுதான் அதன் சூட்சுமம். அதைப் பார்த்து பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மைல்ஸ் குழுவினர் திசையறியும் ஒலிவாங்கி செய்தார்கள். இந்தச் செய்தியைத் தமிழில் தருபவர் ‘ஈயைப் பார்த்துச் செய்த ஒலிபெருக்கி’ என்று எழுதினால், ஈ எதற்குக் கத்துகிறது என்றுதான் வாசகர் யோசிப்பார்.