பர்ஸ்: பரிசா, பங்கா, பணமுடிப்பா?

2023 மார்ச். ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் பிரிட்டனின் டைசன் ஃபியூரியிடம் டபிள்யூபிசி அமைப்பின் சாம்பியன் பெல்ட். உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று மற்ற மூன்று அமைப்புகளின் பெல்ட். அதுவரை இரண்டு பேருமே தோற்றதில்லை. ஏப்ரல் 29 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் மோதலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது ஃபியூரி ஒரு வீடியோ போட்டார். சண்டைக்குக் கிடைக்கும் பணத்தில் (ஆங்கிலத்தில் பர்ஸ்) எனக்கு 70 சதவீதம், உனக்கு 30, இழுத்தடித்தால் நாளுக்கு ஒரு சதவீதம் உன் கணக்கில் குறையும் என்றார். உசிக் அலட்டிக்கொள்ளவில்லை. 30 போதும், ஆனால் சண்டை முடிந்த கையோடு நீ 10 லட்சம் பவுண்டு உக்ரைனுக்குக் கொடுக்க வேண்டும், நீ தாமதித்தால் உன் பர்ஸிலிருந்தும் நாளுக்கு ஒரு சதவீதம் உக்ரைன் மக்களுக்குப் போகும் என்று திருப்பிப் போட்டார்.

ரசிகர்கள் உடனே இரண்டாகப் பிரிந்தார்கள். மூன்று பெல்ட் வைத்திருப்பவனுக்கு 30 என்பது அநியாயம் என்றது ஒரு கட்சி. பெல்ட்டா டிக்கெட் விற்கிறது, கூட்டத்தைக் கூட்டுவது ஃபியூரிதானே என்றது மறு கட்சி. அந்த மாதமே பேச்சு முறிந்தது. பங்கு விஷயத்தில் இல்லை, மறு ஆட்டத்துக்கான நிபந்தனையில்!

இந்த மாதிரிச் செய்திகளைத் தமிழில் சொல்லும்போது பர்ஸ் என்ற சொல்லைப் 'பரிசுத் தொகை' என்று மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. பரிசு என்றால் ஜெயித்தவனுக்குக் கிடைப்பது. பரிசில் 70 சதவீதம் எனக்கு வேண்டும் என்று, சண்டையே போடாத ஒருவன் எப்படிக் கேட்க முடியும்? படிக்கிறவருக்கு ஃபியூரி திமிர் பிடித்தவராக மட்டும்தான் தெரிவார். (திமிர் இல்லை என்று நான் சொல்லவில்லை.) ஆனால் அவர் கேட்டது பரிசை அல்ல. மணி அடிப்பதற்கு முன்பே பேசி முடிக்கிற கூலியை.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் பர்ஸ் என்ற சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது. ஒரு சண்டைக்காக நடத்துகிறவர் மேசைமேல் வைக்கும் மொத்தப் பணம் ஒன்று. அதில் ஒரு வீரருக்கு உறுதியாகப் பேசப்பட்ட தொகை இன்னொன்று. 'பர்ஸ் ஸ்ப்ளிட்' என்றால் முதல் பொருள். 'மைக் டைசனின் பர்ஸ் 3 கோடி டாலர்' என்றால் இரண்டாவது. இரண்டிலுமே தோற்றவனுக்கும் பணம் உண்டு.

நடந்த கணக்கு ஒன்றைப் பார்த்தால் தெளிவாகும். 2021 கடைசியில் ஃபியூரியும் டில்லியன் வைட்டும் மோத வேண்டும் என்று டபிள்யூபிசி உத்தரவு போட்டது. இரு தரப்பும் தங்களுக்குள் உடன்படவில்லை. அப்படி ஆனால் வழி ஒன்றுதான்: ஏலம், ஆங்கிலத்தில் பர்ஸ் பிட். சண்டையை நடத்தும் உரிமைக்கு யார் அதிகப் பணம் எழுதித் தருகிறாரோ அவருக்கே சண்டை. சண்டை ஏற்பாட்டாளர் எடி ஹெர்ன் தரப்பு எழுதியது 3 கோடியே 22 லட்சத்து 22,222 டாலர். இன்னொரு ஏற்பாட்டாளர் ஃப்ராங்க் வாரன் எழுதியது 4 கோடியே 10 லட்சத்து 25,000 டாலர். வாரன் எடுத்துவிட்டார். இதில் 10 சதவீதத்தை, அதாவது 41 லட்சத்து 2,500 டாலரை, ஜெயிப்பவருக்கு என்று முதலில் தனியே எடுத்து வைத்தார்கள். மிச்சத்தை 80-20 என்று பிரித்தார்கள். ஃபியூரிக்கு 2 கோடியே 95 லட்சத்து 38,000. வைட்டுக்கு 73 லட்சத்து 84,500. 2022 ஏப்ரல் 23 அன்று வெம்ப்ளியில் ஆறாவது சுற்றில் ஒரே அப்பர்கட், வைட் மல்லாந்தார். அவருக்குப் பேசிய 73 லட்சம் அப்படியே இருந்தது. அந்த முழுத் தொகையில் பரிசு என்று சொல்லத்தக்கது தனியே எடுத்து வைத்த அந்த 10 சதவீதம் மட்டும்தான்.

சரி, பணப்பைக்கும் குத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் லத்தீன் 'பர்சா'விலிருந்து வந்தது. தோல் பை என்று பொருள். அதற்கும் மூலம் கிரேக்கத்தின் 'பிர்சா', உரித்த தோல். பிரெஞ்சில் இதே சொல்தான் 'பூர்ஸ்' ஆனது; பங்குச்சந்தைக்கு அங்கே அதுதான் பெயர். மூட்டுகளை ஒட்டி இருக்கும் நீர்ப்பைக்கும் டாக்டர்கள் இந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். அது வீங்கினால் பர்சைட்டிஸ். பேங்க்காரர் 'லோன் டிஸ்பர்ஸ் ஆயிடுச்சு' என்பதும், ஆபீஸில் டாக்ஸி பில்லை நீட்டி ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்பதும் அந்தத் தோல் பையிலிருந்து வந்தவைதான். முன்னது பையிலிருந்து எடுப்பது, பின்னது பையில் திரும்பப் போடுவது. நாம் மட்டும் பேன்ட் பின்பாக்கெட்டில் வைப்பதற்கு மணிபர்ஸ் என்று பெயர் வைத்து, அப்புறம் மணியைக் கழற்றிவிட்டோம்.

பையைக் குறித்த சொல் பைக்குள் இருக்கும் பணத்தையும் குறிப்பது எல்லா மொழியிலும் நடப்பதுதான். இங்கிலாந்தில் போட்டிக்காகத் திரட்டி வைக்கும் பணத்துக்கு 17-ம் நூற்றாண்டிலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது. குதிரைப் பந்தயத்திலும் புழங்கியது, வெறுங்கைக் குத்துச்சண்டையிலும் புழங்கியது.

பங்குச் சண்டையும் புதிதில்லை. 1743-ல் லண்டனில் ஜாக் ப்ரௌட்டன் எழுதிய விதிகள்தான் குத்துச்சண்டைக்கு முதல் எழுத்துச் சட்டம் என்பார்கள். அதில் ஒரு விதி முழுக்கப் பணத்தைப் பற்றியது: துணைச் சண்டைகளில் வென்றவனுக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதையும் மேடையிலேயே எல்லோர் கண்முன்னும் பிரிக்க வேண்டும், தனியே என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் செல்லாது. கூட்டம் பார்க்க, மேடைமேல்! இன்றைக்கு ஒரு பெரிய சண்டையின் உண்மையான கணக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? 2017-ல் மேவெதரும் மெக்ரெகரும் மோதியபோது அமெரிக்காவின் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் மேவெதருக்கு 10 கோடி டாலர், மெக்ரெகருக்கு 3 கோடி என்று அறிவித்தது. அது உறுதித் தொகை மட்டும். கட்டணத் தொலைக்காட்சிப் பங்கு அதற்கு மேல், தனி.

இன்னொரு சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'ஸ்டேக்' என்பது பணயம். இரு தரப்பும் தாங்களே கட்டும் பணம். பர்ஸ் நடத்துகிறவர் தருவது. 1892 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் ஜான் எல். சல்லிவனும் ஜேம்ஸ் கார்பெட்டும் மோதிய சண்டையில் இரண்டும் இருந்தன. 25,000 டாலர் பர்ஸ், அதற்கு மேல் ஆளுக்கு 10,000 பணயம். எல்லாம் ஜெயித்தவனுக்கே. 21-வது சுற்றில் சல்லிவன் விழுந்தார், வெறுங்கையோடு போனார். அந்தப் பர்ஸைப் பரிசுத் தொகை என்று எழுதினால் தப்பே இல்லை. சொல் அப்படியே நின்றுவிட்டது, ஏற்பாடுதான் மாறிப்போனது. (பணயப் பணத்தை நடுநிலையாகக் கையில் வைத்திருப்பவரைத்தான் முதலில் 'ஸ்டேக்ஹோல்டர்' என்றார்கள். இப்போது மீட்டிங்குக்கு மீட்டிங் வரும் ஸ்டேக்ஹோல்டர்களுக்கு இது தெரிந்தால் வருத்தப்படுவார்கள்.)

ஏலம் பெரிதானது அமெரிக்க ஏற்பாட்டாளர் டெக்ஸ் ரிக்கார்ட் காலத்தில். ஜாக் ஜான்சன், ஜிம் ஜெஃப்ரிஸ் சண்டைக்கு அவர் எழுதியது 1,01,000 டாலர். 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் நடந்தது. இதே ரிக்கார்ட் 1927-ல் சிகாகோவில் ஜீன் டன்னி, ஜாக் டெம்ப்சி மறு ஆட்டத்தை நடத்தினார். டன்னிக்குச் சேர வேண்டியது 9,90,445 டாலர். டன்னி தன் கையிலிருந்து 9,555 டாலருக்குச் செக் எழுதிக் கொடுத்து, முழுசாக 10 லட்சம் டாலருக்கு ஒரே செக்காக வாங்கிக்கொண்டார். அந்த ஆசையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

யாருக்கு எவ்வளவு என்ற சண்டையை அழகாகத் தீர்த்தது 1971 மார்ச் 8. பெல்ட் ஜோ ஃப்ரேசியரிடம். ஆனால் முகமது அலி ரிங்கில் தோற்றுப் பட்டத்தை இழந்தவர் இல்லை. ராணுவத்தில் சேர மறுத்ததால் பறித்துக்கொண்டார்கள். யார் சாம்பியன், யார் சவால்காரர் என்றே சொல்ல முடியாத நிலை. ஆளுக்கு 25 லட்சம் டாலர் என்று முடித்துவிட்டார்கள். 1974-ல் கின்ஷாசாவில் அலிக்கும் ஜார்ஜ் ஃபோர்மனுக்கும் அதே வழி, ஆளுக்கு 50 லட்சம். பங்கு முடிவானால் எல்லாம் சுமுகமாக நடந்துவிடும் என்றும் இல்லை, பேசி முடித்த பிறகும் நடக்காமல் போகும். 2022-ல் ஃபியூரி, ஆன்டனி ஜோஷுவா பேச்சில் 60-40 என்று ஃபியூரி தரப்பு சொன்னது, ஜோஷுவா தரப்பும் ஒத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துதான் விழவில்லை. டிசம்பர் 3 அன்று ஃபியூரி மோதியது டெரெக் சிசோராவோடு.

பர்ஸ் என்று பேப்பரில் வரும் தொகை அப்படியே வீட்டுக்குப் போவதும் இல்லை. பெல்ட் கொடுக்கும் அமைப்பு அதில் 3 சதவீதம் போலக் கட்டணம் எடுக்கும். பயிற்சியாளருக்கு வழக்கமாக 10 சதவீதம். மேனேஜருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். அப்புறம் வரி. அபராதம்கூட இந்தத் தொகையை வைத்துத்தான். 1997-ல் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த மைக் டைசனுக்கு நெவாடா ஆணையம் 30 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அது கோபத்தில் சொன்ன எண் இல்லை. அவருடைய பர்ஸ் 3 கோடி. அதில் 10 சதவீதத்துக்கு மேல் அபராதம் போட அன்றைய சட்டத்தில் இடமில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். பரிசுத் தொகை ஏன் பொருந்தாது என்று பார்த்தாயிற்று. பந்தயப் பணம் என்றால் பணயத்தின் பக்கம் சாய்கிறது. சம்பளம் பேச்சில் நன்றாகவே ஒட்டும். ஹீரோவுக்கு என்ன சம்பளம் என்று கேட்கிற ஊர்தானே. ஒரு வீரருக்குப் பேசிய தொகையைச் சொல்ல அது போதும். ஆனால் மேசைமேல் வைக்கும் மொத்தப் பணத்தைச் சம்பளம் என்று சொல்ல முடியாது.

பொற்கிழி என்றால் பலருக்கும் முகம் மலரும். எனக்கும்தான். கிழி என்றால் துணித்துண்டு. பொன்னை வைத்து முடிந்த துணி பொற்கிழி. அவர்களுக்குத் தோல், நமக்குத் துணி. மற்றபடி இரண்டு சொல்லும் ஒரே வழியில் பிறந்தவை. தருமிக்காக இறைவன் பாட்டெழுதிக் கொடுத்த கதையில் பாண்டியன் ஆயிரம் பொன் முடிந்த கிழியைச் சங்க மண்டபத்தில் தொங்கவிட்டான். அப்பர் அதை 'நற்கனகக் கிழி' என்கிறார். அது முழுக்க வென்றவனுக்கே உரிய கிழி. சல்லிவன் காலத்துப் பர்ஸுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இன்றைக்குப் பொற்கிழி என்றதும் மனத்தில் வருவது மூத்த தமிழறிஞரும், கட்சியின் மூத்த முன்னோடிகளும், பொன்னாடையும், மைக்கும். மரியாதைக்குக் கொடுப்பது அது. பொற்கிழியில் 70 சதவீதம் கேட்டு ஒருவர் வீடியோ போட்டார் என்று எழுதினால் சிரிப்புதான் வரும். வெறும் 'கிழி' என்று சுருக்கினால் இன்னும் மோசம், கிழிக்கச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் ஓட்டு பணமுடிப்புக்கு. மடியிலும் முந்தானையிலும் பணத்தை முடிந்து வைத்த காலத்துச் சொல். யார் ஜெயித்தார் என்ற சாயல் அதில் இல்லை. கட்டி வைத்த மொத்தப் பணம், அவ்வளவுதான். அதைப் பிரித்தால் ஆளுக்கு ஆள் கிடைப்பது பங்கு. ஆக, பர்ஸ் ஸ்ப்ளிட் பங்கு பிரிப்பு, பர்ஸ் பிட் பணமுடிப்பு ஏலம். ஃபியூரி பணமுடிப்பில் 70 பங்கு கேட்டார், உசிக் 30-க்குச் சம்மதித்தார் என்று எழுதிப் பாருங்கள், சண்டைக்கு முந்தின பேரம் என்பது தானாகவே விளங்கும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் பிக்பாக்கெட்டுக்குப் பழைய பெயர் 'கட்பர்ஸ்', பையை அறுப்பவன். நம்மிடம் அதே வேலைக்கு முடிச்சவிழ்க்கி இருக்கிறது, பேச்சில் முடிச்சவிக்கி. பங்கு குறைந்துவிட்டது என்று ரசிகர்கள் ஏற்பாட்டாளர்களைத் திட்டும்போது பொருத்தமான வசவைத் தேடி அலைய வேண்டாம்.

மிச்சம் இருப்பது 'ஸ்டெப்-அசைட் மணி'. மோத உரிமை உள்ளவருக்குப் பணம் கொடுத்து, இந்த முறை வழிவிடு என்பது. 2022 தொடக்கத்தில் ஜோஷுவாவை அப்படி ஒதுங்க வைத்து ஃபியூரியையும் உசிக்கையும் மோதவிடலாம் என்று பத்திரிகைகளில் பேச்சு அடிபட்டது. ஜோஷுவா ஒதுங்கவில்லை, ஆகஸ்டில் ஜெட்டாவில் உசிக்கோடு மறுபடி மோதித் தோற்றார். இந்தப் பணம் பர்ஸில் சேராது, ஏனென்றால் இதை வாங்குகிறவர் ரிங்கில் ஏறுவதே இல்லை. இதற்குப் பணமுடிப்பும் வேண்டாம், பங்கும் வேண்டாம். 'ஒதுங்கப் பணம்' என்றால் யாருக்கும் புரியும்.