செல்லப்பிராணி: 'வளர்ப்பு விலங்கு' என்றால் ஏன் போதாது

"மனிதர்கள் சில விலங்குகளை உண்கிறார்கள், சில விலங்குகளை வளர்க்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?" வெளிநாட்டு ஆவணப்படம் ஒன்றின் தமிழ்க் குரலில் இந்தக் கேள்வி வந்தது. கட்டுரைகளிலும் பேச்சுப்போட்டித் தலைப்புகளிலும் காணொளிகளிலும் இதே வாக்கியம் வேறு வேறு உருவில் வந்துகொண்டே இருக்கிறது. ஆடு மேய்க்கும் ஒருவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "வளர்க்காம எப்படிங்க சாப்பிடுறது?" என்று திருப்பிக் கேட்பார். அவர் கேட்பதுதான் நியாயம். நாம் உண்ணும் ஆடு, கோழி, பன்றி எல்லாமே யாரோ வளர்த்தவை. உண்பது ஒரு பக்கம், வளர்ப்பது மறுபக்கம் என்று பிரித்தால் ஆடு இரண்டு பக்கமும் நிற்கும். மூலத்தில் கேள்வி சரியாகத்தான் இருந்தது. 'பெட்' என்ற ஆங்கிலச் சொல்லை 'வளர்ப்பு விலங்கு' என்று எடுத்து, 'வளர்க்கிறார்கள்' என்று போட்ட இடத்தில்தான் அது உடைந்தது.

'பெட்' 16-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வழங்கிய வட்டாரச் சொல். பழகிய விலங்கு என்பதோடு, தாயில்லாமல் கையால் பாலூட்டி வளர்த்த செம்மறிக் குட்டிக்கும் அங்கே அது பெயர். கொஞ்சிக் கெடுத்த குழந்தையையும் அப்படித்தான் அழைத்தார்கள். பொது ஆங்கிலத்துக்குள் அது பிற்பாடுதான் நுழைந்தது. அதாவது, நாயும் பூனையும் இந்தச் சொல்லை முழுதாகப் பிடித்துக்கொள்வதற்கு முன்பே கறிக்கு ஆகும் ஓர் உயிர் இதற்குள் இருந்தது. இந்தச் சொல் விலங்கின் இனத்தைக் குறிக்கவில்லை. நமக்கும் அதற்கும் உள்ள உறவைக் குறித்தது.

தமிழில் அந்த உறவுக்குச் சொல் 'செல்லம்'. செல்வம் என்பதன் திரிபு அது. மேல்கோட்டைத் திருநாராயணபுரத்து உற்சவரைச் செல்வப்பிள்ளை என்றும் செல்லப்பிள்ளை என்றும் சொல்லும் வழக்கில் இரண்டும் ஒன்றாகவே நிற்பதைப் பார்க்கலாம். வெற்றிலைப் பெட்டிக்கும் செல்லம் என்று பெயர் உண்டு. 'பிராணி' வடசொல், பிராணன் உள்ளது, உயிருள்ளது என்பது பொருள். 'விலங்கு' குறுக்காகப் போதல் என்ற வினையிலிருந்து வந்தது. மனிதன் நெட்டாக நிற்கிறான், நாலுகால் உயிர் குறுக்காக நிற்கிறது. வேர்கள் இவ்வளவே. சண்டை வேர்களில் இல்லை.

'வளர்ப்பு' என்ற அடைமொழி மக்கள் வாயில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மீன் சந்தைக்குப் போனால் "இது வளர்ப்பு மீனா, ஆத்து மீனா?" என்று கேட்பார்கள். வளர்ப்பு மீன் என்றால் குளத்திலும் பண்ணையிலும் வளர்த்த கட்லா, ரோகு. குழம்புக்கு வந்த மீன். வளர்ப்பு இறால் என்றால் உப்பங்கழி ஓரத்துப் பண்ணை இறால். கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு விடுவதை யாரும் வளர்ப்பு மீன் என்பதில்லை. சென்னைக் கொளத்தூரில் அந்த வியாபாரம் செய்பவர்கள் 'வண்ண மீன்' என்கிறார்கள். எவ்வளவு தெளிவான சொல்! ஆக, சந்தையில் 'வளர்ப்பு' என்ற அடை தட்டுக்குப் போகும் பக்கமே சாய்கிறது. அதைக் கொண்டுவந்து மடியில் உட்காரும் பூனைக்குப் போடுகிறோம்.

பழமொழியும் இதையே சொல்கிறது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்கிறோம். பாய்ந்தது நாயோ கிளியோ அல்ல, கடா. ஊட்டி வளர்த்ததும் அதைத்தான், ஒருநாள் அறுக்கப் போவதும் அதைத்தான்.

தமிழ் தன் விலங்குகளுக்குப் பெயர் வைக்கும் முறையே தனி. என்ன வேலைக்கு என்பதை முன்னால் வைத்துவிடும். கறவை மாடு, உழவு மாடு, வண்டி மாடு, கோயில் மாடு, அடிமாடு. கறிக்கோழி, முட்டைக்கோழி, சண்டைக்கோழி. காவல் நாய், வேட்டை நாய். இந்த வரிசையில் 'வளர்ப்பு நாய்' என்று ஒன்றைச் செருகினால் அது எந்த வேலையையும் சொல்லவில்லை. காட்டு நாய் அல்ல, தெரு நாய் அல்ல என்று விலக்குகிறது, அவ்வளவுதான். 'செல்ல நாய்' என்றால் உடனே புரிகிறது. காவலுக்கு அல்ல, வேட்டைக்கு அல்ல, செல்லத்துக்கு.

அடிமாடு என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரே பசு ஈன்றபோது கறவை. பால் வற்றி, சினையும் பிடிக்காமல் போனால் சந்தைக்கு ஓட்டப்படுகிறது. அங்கே தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி முடிக்கும்போது அது அடிமாடு. உடம்பு மாறவில்லை, இனம் மாறவில்லை. முன்னால் நின்ற சொல் மட்டும் மாறியது. அதே ஊரில் ஜல்லிக்கட்டுக் காளை செத்தால் மாலை போட்டு, வேட்டி போர்த்தி, ஊர் கூடி அடக்கம் செய்கிறார்கள். கறவை, காளை இரண்டும் மாடுதான். 'சில விலங்குகளை உண்கிறோம், சிலவற்றைக் கொஞ்சுகிறோம்' என்ற கேள்வியை இனங்களை வைத்துக் கேட்பதே பாதி தவறு என்பதை இந்தச் சொற்கள் எத்தனையோ காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய் இன்னும் கடினமான இடம். குட்டியிலேயே 'இது கருப்பனுக்கு' என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பெயர் இருக்கும். வீட்டுப் பிள்ளைகள் அகத்திக் கொப்பு ஒடித்துப் போடுவார்கள். வாழைப்பழத் தோலுக்கு அது அடுப்படி வரை வரும். விரட்டினாலும் திண்ணையில் ஏறிப் படுக்கும். கும்பிடு நாளில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாலை போட்டு, அது உடம்பைச் சிலிர்க்கும் வரை கூட்டமே காத்து நிற்கும். சிலிர்த்தால் சாமி உத்தரவு. அன்றைக்குப் பந்தியில் உட்கார மறுக்கும் பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கிடாய் செல்லமா, கறியா? இரண்டும். இந்த இரட்டை நிலையைச் சொல்ல 'வளர்ப்பு' உதவாது, ஏனென்றால் அது இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறது. 'செல்லமாக வளர்த்த கிடாயைச் சாமிக்கு வெட்டினார்கள்' என்று எழுதினால்தான் பிள்ளையின் அழுகைக்குக் காரணம் விளங்கும்.

கிராமத்தில் வேற்றுமை உருபை வைத்தே இதைத் தீர்த்துவிடுகிறார்கள். கறிக்கு வளர்க்கிறோம், பாலுக்கு வளர்க்கிறோம், காவலுக்கு வளர்க்கிறோம், ஆசைக்கு வளர்க்கிறோம். அந்தக் 'கு' உருபில்தான் விடையே இருக்கிறது. அந்த ஆவணப்படக் கேள்வியை 'சில விலங்குகளைக் கறிக்கும் சிலவற்றை ஆசைக்கும் வளர்ப்பது ஏன்?' என்று எழுதியிருந்தால் ஆடு மேய்ப்பவருக்கும் புரிந்திருக்கும், ஆராய்ச்சியாளருக்கும் புரிந்திருக்கும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் முயல்களையும் வளர்க்கிறது. சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜயன்ட் ஆகியவை கறிக்கான இனங்கள். அவற்றில் ஒரு குட்டியை ஒருவர் கூண்டோடு கொண்டுபோய்ப் பிள்ளைக்குக் கொடுத்தால் அது செல்லம். முயலுக்கு வித்தியாசம் தெரியாது. வாங்குகிறவர் சொல்லும் உருபு தீர்மானிக்கிறது.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. பப்புவா நியூ கினியாவின் மரக் கங்காருவைப் பற்றி 2011-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த விலங்கு உணவு என்று குறிக்கப்பட்டாலே போதும், அதன் வேதனையைப் பற்றிய அக்கறை வாசிப்பவர்களிடம் குறைந்தது. அதை யார் கொன்றது என்பதுகூடப் பெரிய மாற்றம் செய்யவில்லை. முத்திரை மனத்துக்குள் வேலை செய்கிறது என்றால், முத்திரையைக் குத்தும் மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

'வளர்ப்பு' தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. வளர்ப்பு மகன், வளர்ப்புத் தாய் என்கிறோமே, அதில் அன்பு இல்லையா என்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அங்கே அன்பைத் தருவது மகன், தாய் என்ற சொற்கள். 'வளர்ப்பு' சொல்வது, பெற்ற உறவு அல்ல என்பதை மட்டும். அந்த அன்பைக் கடன் வாங்கி விலங்குக்கு ஒட்ட முடியாது. 'வளர்ப்பு விலங்கு' என்ற தொடரை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. காட்டு விலங்குக்கு எதிர்ச்சொல்லாக அது அருமையான தொடர். நாய், ஆடு, மாடு, பன்றி, கழுதை எல்லாம் அடங்கட்டும். பண்ணைப் பொருளாதாரம் பேசும்போது 'கால்நடை' இருக்கிறது. அடுத்த வட்டத்துக்குச் 'செல்லப்பிராணி'. மூன்று வட்டத்துக்கு மூன்று சொல் கையில் இருக்கும்போது ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் துடைப்பது சோம்பல்.

தனித்தமிழ் அன்பர்கள் 'பிராணி'யை எடுத்துவிட்டுச் 'செல்ல விலங்கு' என்று எழுதுகிறார்கள். அவர்கள் அக்கறை எனக்கும் உண்டு. ஆனாலும் இந்த இடத்தில் உடன்பட முடியவில்லை. விலங்கு என்றால் நாலுகால் உயிர்தான் நினைவுக்கு வருகிறது. கிளி விலங்கா? ஆண்டாளின் கூண்டுக் கிளி 'கோவிந்தா' என்று அழைத்ததே, அதற்குச் செல்ல விலங்கு என்று பெயர் வைப்பீர்களா? தொட்டி மீன், ஆமை, புறா எல்லாவற்றையும் ஒரு குடைக்குள் கொண்டுவருவது பிராணிதான். கிராமத்துப் பாட்டியும் 'வாயில்லாப் பிராணி' என்றே சொல்கிறாள். இத்தனை தலைமுறை வாயில் உருண்ட சொல்லை வேர் பார்த்துத் துரத்த வேண்டியதில்லை.

'துணை விலங்கு' என்று புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. விலங்கு நம் உடைமை அல்ல, தோழன் என்ற கருத்தைக் காட்ட ஆங்கிலத்தில் வந்த தொடரின் நேர்ப்பெயர்ப்பு. கருத்து உயர்ந்தது, சொல் தடுமாறுகிறது. துணைவேந்தர், துணை ஆட்சியர், துணைப்பாடம் என்று நம் காதில் 'துணை' அடுத்த படியைக் குறிக்கிறது. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயைத்தான் துணை விலங்கு என்கிறார்களோ என்றும் குழப்பம் வரும்.

சொல்லை மாற்றுவதால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. தென் கொரியாவில் கொஞ்சி விளையாடுவது என்ற பொருள் கொண்ட பழைய சொல்லை ஒதுக்கிவிட்டு, வாழ்க்கைத் துணை என்ற பொருள் தரும் சொல்லைச் சட்டத்திலேயே வைத்தார்கள். அதே நாட்டில் நாய், கால்நடை வளர்ப்புச் சட்டத்தின்படி கால்நடையாக இருந்தது. ஆனால் 1978 முதல் இறைச்சி பதப்படுத்தும் சட்டத்தின் பட்டியலில் அதற்கு இடமில்லை. வளர்க்கலாம், அறுப்பதற்கு விதியும் இல்லை, சோதனையும் இல்லை என்றிருந்தது. ஒரே உயிர் மூன்று சொற்களுக்கு நடுவே பல ஆண்டுகள் தொங்கியது. 2024 ஜனவரியில்தான் நாய் இறைச்சித் தொழிலுக்கே தடைச் சட்டம் நிறைவேறியது. தண்டனைப் பிரிவுகள் 2027-இல் நடைமுறைக்கு வரும் என்று காலம் கொடுத்தார்கள். அங்கே புதுச்சொல் அவர்கள் மொழிக்குள் பொருந்தி நின்றது. நம் 'துணை விலங்கு' அப்படி நிற்கவில்லை.

மொழிபெயர்ப்பவர்கள்மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்: மூலச் சொல்லைப் பார்க்கிறார்கள், தமிழில் அந்தச் சொல் ஏற்கெனவே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. 2023-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருவில் வாழும் நாய்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு புதுப் பெயர் தந்தன. அதைத் தமிழில் 'சமூக விலங்கு' என்று எழுதுகிறார்கள். மனிதன் ஒரு சமூக விலங்கு என்று பள்ளியிலிருந்து படித்து வந்த வாசகர், சமூக விலங்குகளுக்குக் கருத்தடை என்ற தலைப்பைக் கண்டால் என்ன நினைப்பார்? ஒரு வீட்டுக்கும் உரியதில்லை, தெருவே சோறு போடுகிறது என்பதுதான் கருத்து என்றால் 'ஊர் நாய்' என்றாலே போதும். கோயில் மாடு, ஊர்க் காளை என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அது புதிதும் அல்ல.

கடைப் பலகைகளில் இப்போது 'பெட் ஷாப்' என்றே எழுதுகிறார்கள். தமிழ் எழுத்தில் அது மெத்தைக் கடையாகவும் படிக்கப்படும். கால்நடை மருத்துவர்கள் பலர் 'செல்லப்பிராணிகள் மருத்துவமனை' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கிளியோடு வருகிறவரும் முயலோடு வருகிறவரும் தயங்காமல் உள்ளே போகிறார்கள். அடுத்த ஆவணப்படத்துக்கு உரை எழுதுகிறவர் அந்தப் பலகையைப் பார்த்து எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.