மூடிய பெட்டிக்குள் காற்றின் கணக்கு

2005 ஜூன் 22 மாலை, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கேம்டன் நகரில், வீட்டு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று சிறுவர்களைக் காணவில்லை. வயது 11, 6, 5. இரண்டு நாள் ஊரே தேடியது. முற்றத்திலேயே ஒரு பழைய கார் நின்றது. போலீசார் அதற்குள்ளும் பார்த்தார்கள், ஆனால் டிக்கியைத் திறக்கவில்லை. 24ஆம் தேதி குடும்பத்தார் திறந்தபோது மூவரும் அங்கேதான் கிடந்தார்கள், உயிரில்லாமல்.

இதைப் படிக்கிற எவருக்கும் அந்தப் போலீசார்மேல் கோபம் வரும். ஆனால் நம் வீட்டில் ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் நாமும் அதையேதான் செய்கிறோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தெருவுக்கு ஓடுகிறோம். பதில் வராததால் வீட்டில் இல்லை என்று முடிவு கட்டுகிறோம். தேடலில் நடக்கும் முதல் தப்பு அதுதான்.

அடைபட்ட குழந்தை கத்தும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் சரி என்பதை 1950களில் அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். அப்போதைய குளிர்பதனப் பெட்டிகளில் கதவு சாத்தியதும் வெளியே கொண்டி விழும், உள்ளிருந்து திறக்க வழி கிடையாது. பிள்ளைகள் ஒளிந்து விளையாடப் புகுந்து இறந்துகொண்டே இருந்தார்கள். உள்ளிருந்து திறக்கும் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கண்டறிய, 2 முதல் 5 வயது வரையிலான 201 குழந்தைகளைப் பெட்டி போன்ற ஓர் அறைக்குள் கண்காணிப்போடு சிறிது நேரம் விட்டுப் பார்த்தார்கள். இன்றைக்கு எந்த அறநெறிக் குழுவும் இதற்கு அனுமதி தராது. ஆனால் 1958இல் வெளியான அதன் முடிவுகளுக்கு இன்றும் மாற்று இல்லை. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் குழந்தைகள் வெளியே வர முயலவே இல்லை, அல்லது பேருக்கு முயன்றார்கள். கைப்பிடி போன்ற ஒன்று கொடுத்தபோது 40 சதவீதம் பேர் அதைக் கதவுக் குமிழ்போலத் திருகினார்கள். தள்ளியவர்கள் 9 சதவீதம்தான். குரலே எழுப்பாதவர்கள் 2 வயதுக் குழந்தைகளில் 6 சதவீதம், 5 வயதுக் குழந்தைகளில் 50 சதவீதம்.

அந்தக் கடைசி எண்ணை இன்னொரு முறை படியுங்கள். வயது ஏற ஏறச் சத்தம் குறைகிறது. விவரம் தெரிந்த பிள்ளைக்குத்தான் அடி விழும் என்ற பயமும் இருக்கும், சத்தம் போட்டால் ஆட்டத்தில் தோற்றுவிடுவோம் என்ற எண்ணமும் இருக்கும். அப்படியே கத்தினாலும் பெட்டியின் சுவரில் இருக்கும் இரண்டங்குல நுரையும் கதவைச் சுற்றிய ரப்பர் பட்டையும் சத்தத்தைப் பெருமளவு விழுங்கிவிடும். மின்விசிறியும் டிவியும் ஓடுகிற வீட்டில் மிச்சமும் கேட்காது.

இனி காற்றின் கணக்கு. 4 வயதுக் குழந்தை, எடை 16 கிலோ என்று வைப்போம். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 100 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவழிக்கும். அழுது, உதைத்து, முட்டினால் அது 300ஐத் தொடும். தட்டுகளைக் கழற்றிப்போட்ட 200 லிட்டர் பழைய பிரிட்ஜ் ஒன்றில் குழந்தையின் உடல் போக மிஞ்சும் காற்று 180 லிட்டர் சொச்சம். அதில் ஆக்சிஜன் 21 சதவீதம், அதாவது 38 லிட்டர். முழுவதும் தீரும்வரை உயிர் தாங்காது, 10 சதவீதத்துக்கு இறங்கும்போதே நினைவு தப்பும். ஆகப் பயன்படுவது 20 லிட்டர்தான். அசையாமல் இருந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும், போராடினால் ஒரு மணி நேரம் சொச்சம்தான்.

கரியமில வாயு அதைவிட முந்திக்கொள்ளும். போராடும் குழந்தை நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் அளவு வெளிவிடுகிறது என்றால், 35 நிமிடத்தில் உள்ளே அது 5 சதவீதம் ஆகிவிடும். மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைத் தருவது ஆக்சிஜன் குறைவு அல்ல, இந்த வாயுதான். மூச்சு வேகமெடுக்கும், பயம் கூடும், இன்னும் உதைக்கும், இன்னும் செலவாகும். 7, 8 சதவீதத்தைத் தாண்டினால் மயக்கம் கவிந்து சத்தமும் அடங்கும். அப்போதுதான் பெரும்பாலும் வெளியே தேடல் சூடுபிடித்திருக்கும்.

இதே கணக்கை 70 லிட்டர் ஐஸ் பெட்டிக்குப் போட்டால் கரியமில வாயு 5 சதவீதத்தைத் தொட 11 நிமிடம், ஆக்சிஜன் 10க்கு இறங்க 20 நிமிடம். 200 லிட்டர் பெட்டியில் இரண்டு பிள்ளைகள் புகுந்தால் ஒரு மணி நேரம் அரை மணியாகிவிடும். இவை எல்லாம் பெட்டி முற்றிலும் காற்றுப் புகாதது என்று வைத்துப் போட்ட தோராயக் கணக்கு. வெப்பத்தை இதில் சேர்க்கவும் இல்லை. திமிறும் குழந்தையின் உடல் ஒரு 100 வாட் குண்டு பல்பின் அளவுக்குச் சூடு வெளியிடும். வெப்பம் கடத்தாத சுவருக்குள், வியர்வை ஆவியாக வழியில்லாத ஈரக்காற்றில், அந்தச் சூடு போக இடமில்லை.

அமெரிக்கா 1956இல் சட்டம் போட்டது. உள்ளிருந்து சுமார் 7 கிலோ எடைக்குச் சமமான விசையில் தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்பது விதி. இன்றைய பிரிட்ஜில் கொண்டிக்குப் பதில் காந்தப் பட்டை இருப்பதற்கு அந்தச் சட்டம் பெரிய காரணம். அதற்காக நிம்மதி அடைந்துவிட வேண்டாம். காயலான் கடையில் கதவுப் பக்கம் தரையில் படும்படி சாய்த்துப் போட்ட பிரிட்ஜை எந்தக் காந்தப் பட்டையும் திறந்துவிடாது. மேலே திறக்கும் டீப் ஃப்ரீசரில் மூடியின் எடையே பூட்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரீசராக இருந்தால் இன்னொரு சங்கதி உண்டு. மூடியதும் உள்ளே போன வெதுவெதுப்பான காற்று குளிர்ந்து சுருங்குவதால் மூடியை உள்ளே உறிஞ்சிப் பிடிக்கும். கடையில் ஐஸ்கிரீம் எடுத்து மூடியவுடன் மறுபடி திறக்கப் பார்த்தால் இது கைக்குத் தெரியும்.

மரப்பெட்டியும் இந்த வரிசைதான். அமெரிக்காவின் லேன் நிறுவனம் 1912 முதல் 1987 வரை செய்த சுமார் 1.2 கோடித் துணிப் பெட்டிகளில், மூடி விழுந்ததும் பூட்டு தானாக மாட்டிக்கொள்ளும். 1996இல் பூட்டை மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். 2014இல் மாசசூசெட்ஸில் மாற்றாத ஒரு பெட்டிக்குள் அக்காவும் தம்பியும் இறந்தார்கள். நம் வீட்டு டிரங்குப் பெட்டியின் கொண்டி வளையத்தில் தானாக விழுந்து மாட்டுவதும், பொருள் வைக்கும் திவான் கட்டிலின் கனத்த பலகையைப் பிள்ளையால் தூக்க முடியாததும் அதே கதைதான். பீரோ இவற்றை விடப் பரவாயில்லை, கதவோரங்களில் இடுக்கு இருக்கும். அதற்காகத் திறந்து பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

கார் மட்டும் வேறு சங்கதி. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடியில் நின்றிருந்த காருக்குள் மூன்று குழந்தைகள் இறந்தபோது, மூச்சுத் திணறி இறந்ததாகவே செய்தி வந்தது. இப்படிப்பட்ட ஒவ்வொரு செய்தியிலும் அந்தச் சொல்தான் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். காருக்குள் சுமார் 3,000 லிட்டர் காற்று. அதில் 300 லிட்டருக்கு மேல் ஆக்சிஜனைச் செலவழித்த பிறகுதான் 10 சதவீதத்துக்கு இறங்கும். மூன்று குழந்தைகள் நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் எடுத்தாலும் ஒன்பது மணி நேரம் ஆகும். காரில் காற்று கசியும் வழிகளும் உண்டு. வெயிலில் நிற்கும் காரில் கொல்வது பொதுவாக மூச்சுமுட்டல் அல்ல, சூடு.

வெயில் கண்ணாடி வழியே நுழைந்து டேஷ்போர்டையும் இருக்கையையும் சுட வைக்கிறது. அவை திருப்பி உமிழும் வெப்பக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் 16 நாட்கள் அளந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அந்த ஏற்றத்தில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே முடிந்துவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்ததால் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே 36 டிகிரி என்றால் உள்ளே 58. குழந்தையின் உடல் பெரியவர் உடலைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு வேகத்தில் சூடேறும். 40 டிகிரியைத் தாண்டினால் வெப்ப மயக்கம், 42ஐ நெருங்கினால் உயிர் தங்குவது அரிது.

மூச்சுத் திணறல் என்று எழுதுவதால் ஒரு தீங்கு உண்டு. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டால் போதும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

கழிவுநீர்த் தொட்டியில் கணக்கு இன்னும் கொடியது. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் மழலை வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்தது துருப்பிடித்த மூடி வழியாகத்தான். பிள்ளை ஒளிவதற்கு அங்கே போவதில்லை, மூடிமேல் ஏறி நிற்கிறது, மூடி உள்ளே போகிறது. உள்ளே அழுகும் கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே முட்டை நாற்றம் அடிக்கும். 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்து நாற்றம் தெரியாமல் போகும். 700, 800 என்றால் ஆள் நின்ற இடத்தில் சாய்வார். நாற்றம் இல்லை என்று இறங்கியவர், அவரைத் தூக்க இறங்கியவர், அவருக்குப் பின் மற்றொருவர் என்று வரிசையாக இறப்பது இதனால்தான். மேலிருந்தே கயிறு, கொக்கி, ஏணி எதையாவது நீட்டலாம், 101க்கும் 112க்கும் அழைக்கலாம். தலையை உள்ளே விடக் கூடாது.

ஆக, காணாமற்போன குழந்தையை எங்கே முதலில் தேடுவது? எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று யோசிக்காமல், எங்கே இருந்தால் நேரம் குறைவு என்று யோசியுங்கள். தண்ணீர் முதலில்: சம்ப், கிணறு, கழிவுநீர்த் தொட்டி, தவழும் வயது என்றால் பக்கெட்டும் டிரம்மும். அங்கே இருப்பது நான்கைந்து நிமிடம்தான். அடுத்து வெயிலில் நிற்கும் வண்டிகள், பக்கத்து வீட்டுக் கார் உட்பட, இருக்கையின் கால் வைக்கும் பள்ளமும் டிக்கியும் உட்பட. அடுத்து மூடி உள்ள எல்லாப் பெட்டிகளும்: பிரிட்ஜ், ஃப்ரீசர், வாஷிங் மெஷின், டிரங்கு, திவான், ஐஸ் பெட்டி. கட்டிலடி, பரண், துணிக்குவியல் எல்லாம் அதற்குப் பிறகு. நான்கு பேர் இருந்தால் முதல் நிமிடத்திலேயே ஒருவர் தெருமுனைக்குப் போகட்டும், ஒருவர் தண்ணீர், ஒருவர் வண்டி, ஒருவர் பெட்டி.

‘அதை அவனால் திறக்க முடியாது’ என்று சொல்லி எதையும் தாண்டிப் போகாதீர்கள். திறப்பதற்கு வேண்டிய பலம் வேறு, உள்ளே புகுந்தபின் மூடி தானே விழுவது வேறு. போர்வைக் குவியலைக் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் அமுக்கிப் பாருங்கள். திறந்து பார்த்ததைத் திறந்தபடியே விட்டுச் செல்லுங்கள். பிரிட்ஜில் இருக்கும் பால் கெட்டால் கெடட்டும், எது பார்த்தது எது பார்க்காதது என்பதைக் கண்ணுக்குக் காட்டும் அடையாளம் அதுதான். ஒருவர் தேடிய அறையை இன்னொருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி தேடட்டும். நடுவில் ஒரு நிமிடம் மின்விசிறி, டிவி, மோட்டார் எல்லாம் நிறுத்தி, எல்லாரும் வாயை மூடிக் காது கொடுங்கள். கூப்பிடும்போது ‘எங்கேடா போய்த் தொலைஞ்சே’ என்று அதட்ட வேண்டாம். ‘ஆட்டம் முடிஞ்சுது, நீதான் ஜெயிச்சே, வெளிய வா’ என்றால் ஒளிந்திருக்கும் பிள்ளை வர வாய்ப்பு அதிகம்.

112க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ அழைப்பதைத் தேடல் முடியும்வரை தள்ளிவைக்க வேண்டாம். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்பது தவறு. குழந்தை காணவில்லை என்றால் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே உத்தரவிட்டிருக்கிறது.

பெட்டியிலிருந்து எடுத்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது. ஆக்சிஜன் தீர்ந்துபோன உடல் அது, வாயோடு வாய் வைத்துக் காற்று ஊத வேண்டும். 30 அழுத்தம், 2 ஊதல், அழுத்தம் நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒருவர் இதைச் செய்ய மற்றவர் 108ஐ அழைக்கட்டும். காரிலிருந்து எடுத்த குழந்தை என்றால் நிழலில் கிடத்தி, துணியைக் களைந்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். மயங்கிய வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. கதவு திறக்காவிட்டால் குழந்தையிடமிருந்து தள்ளி உள்ள பக்கக் கண்ணாடியின் மூலையில் கூரான இரும்பால் அடியுங்கள். முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழி விடாது.

இவை எதுவும் தேவைப்படாமல் இருக்கச் செலவு அதிகமில்லை. பொம்மை போடும் பெட்டிக்கான ஐரோப்பியத் தரவிதி, 30 லிட்டருக்கு மேற்பட்ட பெட்டியில் ஒவ்வொன்றும் 650 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள இரண்டு துளைகள், குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வேண்டும் என்கிறது. துளையிடும் கருவியில் 30 மில்லிமீட்டர் பிட் போட்டால் ஒரு துளை சரியாக வரும். சுவரை ஒட்டி வைத்தாலும் அடைபடாத பக்கங்களில் போடுங்கள். டிரங்குப் பெட்டியின் கொண்டியைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டலாம். காரைப் பூட்டிச் சாவியை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு முன் இருக்கைக்கு ஏறி ஹாரனை அழுத்தப் பழக்குங்கள். பல கார்களில் சாவி இல்லாமலும் ஹாரன் அடிக்கும், பின்கதவில் குழந்தைப் பூட்டு இருந்தாலும் முன்கதவு உள்ளிருந்து திறக்கும். பழைய பிரிட்ஜை மொட்டை மாடிக்கோ காயலான் கடைக்கோ அனுப்பும்முன் மேல் கீலில் உள்ள இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றிக் கதவைத் தூக்கி எடுத்துவிடுங்கள். ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும். ஸ்பேனர் கிடைக்காவிட்டால் காந்தப் பட்டையையாவது பிடுங்கி எறிந்துவிட்டு, திறப்புப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி நெருக்கி நிறுத்தி வையுங்கள்.