10 எச்.பி. என்றால் 10 கிலோவாட் இல்லை: மின்பளு எழுதும் முன் பாருங்கள்

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் மாவு மில் நடத்துகிறார். ஒரே மோட்டார்; அதன் திறன் 10 எச்.பி. (குதிரைத்திறன்). மின் இணைப்பு கேட்டபோது படிவத்தை வேறொருவர் நிரப்பிக் கொடுத்தார். மின்பளு (எவ்வளவு கிலோவாட் தேவை என்பது) கட்டத்தில் 10 கிலோவாட் என்று எழுதிவிட்டார். அக்கா நம்பிக் கையெழுத்துப் போட்டார். தமிழ்நாட்டில் கடை, தொழில் இணைப்புகளுக்கு நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில்தான். மில் பூட்டிக் கிடந்த நாட்களிலும், இல்லாத இரண்டரை கிலோவாட்டுக்குப் பில்லுக்குப் பில் பணம் போனது. மூன்று வருடம் யாரும் சொல்லவில்லை.

கணக்கு சின்னதுதான். 1 எச்.பி. என்பது 0.746 கிலோவாட். 5 எச்.பி.க்கு 3.73, 10 எச்.பி.க்கு 7.46.

மோட்டார் தகட்டைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். 7.5/10 என்று இருந்தால் முதல் எண் கிலோவாட், அடுத்தது எச்.பி. இந்த 7.5தான் பலரைக் கவிழ்க்கிறது. அதை எச்.பி. என்று எழுதிக்கொடுத்தால் அனுமதி 5.6 கிலோவாட்டுக்குத்தான் கிடைக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் கூடுதல் பளு என்று அபராதம் போடலாம். தெரியாமல் எழுதினேன் என்றால் எடுபடாது.

பி.எம். குசும் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் சூரிய பம்புசெட்டிலும் இதே எண்தான். மத்திய அரசின் மானியம் பொதுவாக 7.5 எச்.பி. அளவுக்குத்தான். விற்பவர்கள் 7.5 கிலோவாட் மோட்டாரைக் காட்டி "7.5தானே" என்பார்கள். அது 10 எச்.பி.; கூடுதல் செலவு விவசாயி தலையில் விழலாம். விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் எச்.பி. என்று எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஜெனரேட்டரின் திறனைக் கே.வி.ஏ. என்ற அலகில் எழுதியிருப்பார்கள். அதையும் அப்படியே கிலோவாட்டாக எழுதக் கூடாது. திறன் காரணி (கே.வி.ஏ.வில் எவ்வளவு பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்பது) 0.8 என்றால் 5 கே.வி.ஏ.க்கு 4 கிலோவாட்தான்.

ஏற்கெனவே கூடுதலாகப் பதிந்திருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் மின்பளு குறைப்புக்கு மனு கொடுங்கள். அக்காவை இன்றைக்கு ஏ.இ. (உதவிப் பொறியாளர்) இல்லை, நாளைக்கு ஒயர்மேன் வந்து பார்க்கட்டும் என்று நான்கு முறை அலையவிட்டார்கள். நான்கு முறையும் வாய்வார்த்தைதான். கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நீங்கள் முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். தகட்டின் போட்டோ, கடைசி பில் நகல் இரண்டையும் இணைத்து, மனுவின் இன்னொரு பிரதியில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் தராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்புறம் அடுத்த பில் வந்ததும் தொகையைப் பார்க்கும் முன் மின்பளு எவ்வளவு என்று பாருங்கள். மாறவில்லை என்றால் அந்தச் சீல் பிரதியோடு மறுபடி போங்கள்.